பளிங்குக் கல்லும் ஆறு திங்கள் நீடிப்பும்

அளம்பில்,
முல்லைத்தீவு.
14.07.2024

என் இல்லத்தின் தலைவியும், என் பேச்சுகளின் முதற் கேட்பாளருமாகிய புனிதம் அவர்களுக்கு, உமது கணவன் மத்தேயு வணக்கத்துடன் வரையும் மடல்.

இங்கு நானும், கிணறும், முற்றத்து மரங்களும் நலம். அங்கு நீரும், மகள் நிறஞ்சனாவும், மருமகனும், பத்துத் திங்கள் நிறைந்த பேரனும் நலமே வாழ ஆண்டவரை நாள்தோறும் வேண்டுகிறேன். காலையிலும் மாலையிலும் வேண்டுகிறேன். வேறு பணி அதிகம் இல்லை.

நாள் தவறாமல் தொலைபேசியில் முகம் பார்க்கும் இக்காலத்தில் மடல் எதற்கு என நீர் வினவக்கூடும். விடை எளிது. இரண்டாயிரம் பேர் கூடிய திடலிலே தடுமாறாத என் நா, உள்ளங்கை அகலக் கண்ணாடியில் உமது நெற்றியின் பாதியும், அவ்வீட்டுக் கூரையின் மின்விளக்கும், பேரனின் ஒரு காதும் தெரிகின்ற அந்தக் கணத்திலே, 'சாப்பிட்டீரோ' என்ற ஒரு சொல்லைத் தாண்டுவதில்லை. நீரும் 'ஓம், நீங்கள்?' என்கிறீர். நானும் ஓம் என்கிறேன். பின்பு பேரன் தொலைபேசியை நக்குகிறான், அவை கலைகிறது. எனவேதான் எழுத்தைத் துணைக்கு அழைத்தேன். விடுமுறை முடிந்து நாளை புறப்படும் அயல்வீட்டுச் சுதாஜினி இதனை உமது கையிலேயே தருவதாக வாக்களித்திருக்கிறாள்.

நம் முன் நிற்கும் வினா ஒன்றே. கனடாவில் உமது தங்கலை மேலும் ஆறு திங்கள் நீட்டிப்பதா, இல்லையா? விண்ணப்பம் இம்மாத முடிவுக்குள் போக வேண்டும். என் கருத்தை அறியாமல் கையொப்பம் இடமாட்டேன் என்று நீர் சொல்லியிருக்கிறீர். என் முடிவு இம்மடலின் இறுதியில் உள்ளது. ஆயினும் அதற்கு முன் நம் அடுக்களை மேடையில் பதித்த கல்லின் கதையை நீர் முழுவதும் கேட்டாக வேண்டும். ஏனெனில் நம் மகள் என்னை அளந்த கோல் அந்தக் கல்தான்.

அவள் சித்திரையில் தொலைபேசியில் சொன்னதை நீர் மறந்திருக்க மாட்டீர். "அப்பா, உந்தக் கல்லைப் பாத்தாத் தெரியும், நீங்கள் தனிய இருப்பியளோ இல்லையோ எண்டு. கல்லு வடிவா இருந்தா அம்மா இன்னும் கொஞ்சக் காலம் நிக்கலாம். பழுதாப் போச்செண்டா அம்மாவை ஏத்தி அனுப்பிப்போடுவன்." நான் உடனே அந்த அறைகூவலை ஏற்றேன். கல்லைக் காப்பேன், கண்ணெனக் காப்பேன், அதில் ஒரு கறை படிந்தால் என் பெயரை மாற்றி அழை என்று முழங்கினேன். அவள் சொன்னதன் பிற்பாதி என்ன பொருள் தருகிறது என்று அப்போது நான் எண்ணவில்லை. அறைகூவல் கேட்டால் முழங்குவது என் பழக்கம். பொருளைக் கவனிப்பது இந்த முப்பத்திரண்டு ஆண்டுகளாக உமது பொறுப்பு.

மீனுக்குத் தேசிக்காயும் குழம்புக்குப் புளியும் இன்றி ஒரு வேளை அடுப்பு எரியாத கடற்கரை வீட்டிலே, புளிப்புப் பட்டால் ஒளி இழக்கும் வெண்பளிங்கைப் பதிக்கச் சொன்னவள் நம் மகள். கொழும்பிலிருந்து நான்கு ஆட்கள் பிணம் தூக்குவதுபோல் அதைத் தூக்கி வந்த நாளை நினைத்துப் பாரும். அவர்கள் களைத்திருந்தார்கள் என்று நீர் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்தீர். பிழிந்த பாதியைக் கல்லின்மேல் குப்புற வைத்தீர். நால்வரும் குடித்து முடிப்பதற்குள் அங்கே ஒளியற்ற ஒரு வட்டம் விழுந்துவிட்டது. "கல்லு வந்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை அம்மா" என்று நிறஞ்சனா தலையில் கைவைத்து நின்றாள். நீரோ, "வந்த ஆக்களுக்குக் குடிக்கக் குடுக்காம கல்லைப் பாத்துக்கொண்டு நிக்கிறதே?" என்றீர். அன்று நான் இதை உம்மிடம் சொல்லவில்லை. ஆனால் என் வாழ்நாளில் நான் கேட்ட சிறந்த மேடைப் பதில்களில் அதுவும் ஒன்று.

நிற்க. இன்னல்களின் தொடக்கம் பங்குத்தந்தை வீடு மந்திரிக்க வந்த நாளில் நிகழ்ந்தது. அவர் அறை அறையாகத் தெளித்துக்கொண்டு அடுக்களைக்கும் வந்தார். மந்திரித்த தண்ணீரின் ஏழெட்டுத் துளிகள் கல்லின்மேல் விழுந்தன. நான் கைகூப்பி நின்றபடி ஓரக்கண்ணால் பார்த்தேன். துளிகள் உருண்டு நிற்கவில்லை. சற்று நேரத்தில் கல்லுக்குள் இறங்கின. இறங்கிய இடமெல்லாம் கருத்துப் போயிற்று. தண்ணீர் உள்ளே இறங்கினால் காப்புப் பூச்சுப் போய்விட்டது, மறுபடி பூச வேண்டும் என்று மகள் எழுதி ஒட்டிவிட்டுப் போன தாள் என் நினைவுக்கு வந்தது. "சுவாமி, கல்லுக்குள்ள தண்ணி போகுது" என்றேன், செபத்தின் நடுவே. அவர் நிமிர்ந்து பார்த்து, "போகட்டும் மாஸ்டர், ஆசீர்வாதம் உள்ளுக்குப் போறது நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு மீதியையும் தெளித்தார்.

அலுமாரியைத் திறந்தேன். மகள் வாங்கி வைத்த கற்காப்பு நீர்மம், அதாவது கடைக்காரர் சீலர் என்று சொல்வது, மூடி திறந்தபடி உலர்ந்து கிடந்தது. மூடாமல் விட்டவர் யார் என்ற ஆய்வுக்குள் நான் புக விரும்பவில்லை. வீட்டில் ஒருவன்தான் இருக்கிறான். அந்த வேளை பார்த்து உமது தம்பி வின்சன் வந்து சேர்ந்தான். நாயாற்றிலே படகு திருத்துபவன் அல்லவா? கல்லைத் தட்டிப் பார்த்தான். தடவிப் பார்த்தான். "இதுக்கேன் அத்தான் கடைக்குப் போறியள்? போட்டுக்குப் பூசுற ரெசின் என்னட்டைக் கிடக்கு" என்றான். கல்லும் படகும் ஒன்றா என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலில் என் அறிவு மயங்கிற்று. "நாயாத்தில கடல் ஒரு நாள் விடாம அடிக்குது. நான் பூசின போட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போனதெண்டு ஆராவது சொன்னவையே? இது கல்லு. ஒரு இடத்தில கிடக்குது. எங்கயும் போய் முட்டவும் மாட்டுது." இத்துணைத் தெளிவான வாதத்தை மறுக்க எனக்குத் தெரியவில்லை, புனிதம். நீர் இருந்திருந்தால் ஒரே சொல்லில் மறுத்திருப்பீர். "போடா" என்பதே அச்சொல்.

பூசினான். நாற்றத்திலே அயல்வீட்டு மீனம்மாவின் கோழிகள் வேலி தாண்டி ஒழுங்கைக்குப் போய்விட்டன. நான் அடுத்த நாள் வட்டக்கச்சி விழாவில் 'தனித்து நிற்றல்' என்னும் பொருளில் ஆற்ற இருந்த உரையைப் பயின்றுகொண்டு உள்ளே வந்தேன். இங்கே ஒரு பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். இத்தனை ஆண்டுகளும் நான் என் உரைகளை அந்த அடுக்களையிலேதான் பயின்றேன். நீர் கல்லின் அந்தப் பக்கம் நின்று காய் வெட்டுவீர். நான் இந்தப் பக்கம் நின்று முழங்குவேன். படித்து முடித்த தாளைக் கல்லின்மேல் வைப்பேன். எங்கேனும் உரை நீண்டால் நீர் தலை நிமிராமலே பலகையில் கத்தியால் இரண்டு தட்டுத் தட்டுவீர். அவ்விடத்தை நான் வெட்டிவிடுவேன். அந்தப் பழக்கத்திலே, மூன்றாம் பக்கத்தைப் படித்து முடித்ததும், கையை நீட்டி அத்தாளைக் கல்லின்மேல் வைத்தேன். "அத்தான்" என்றான் வின்சன். அவன் சொல்லி முடிக்குமுன் தாள் ஒட்டிவிட்டது. இழுத்தால் கிழிந்துவிடும் என்று நான் விட்டேன். இறுக வைக்கும் மருந்தை அளவுக்குமேல் கலந்துவிட்டான் போலும். இழுப்பதா விடுவதா என்று நாங்கள் ஆராய்ந்து கொண்டிருக்கையிலேயே அது இறுகிக் கண்ணாடியாயிற்று. உள்ளே மூன்றாம் பக்கமும், மூன்று எறும்பும், ஆயிரம் குமிழிகளும்.

"வடிவாத்தான் இருக்கு, என்ன?" என்றான் உமது தம்பி.

மறுநாள் வட்டக்கச்சியில் மூன்றாம் பக்கம் இல்லாமல் மேடை ஏறினேன். நினைவிலிருந்து சொல்ல முனைந்தேன். கையில் தாள் இருந்தால் அதற்கொரு முடிவு உண்டு. நினைவுக்கு முடிவு இல்லை. அந்த ஒரு பக்கம் முக்கால் மணி நேரம் நீண்டது. இடையிடையே நான் பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தேன். அவையோர் நான் உணர்ச்சிப் பெருக்கில் நிற்பதாக எண்ணியிருப்பர். உண்மையில் நான் பலகையில் கத்தி தட்டும் ஒலிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கடைசியில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். தனித்து நிற்பதைப் பற்றி, ஒலியில்லாமல், இன்னும் பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்கினேன். நீர் போனது முதல் என் உரைகள் எல்லாம் இருமடங்கு ஆகிவிட்டன என்பதை உமக்கு மறைக்க விரும்பவில்லை. இம்மடலிலும் அது உமக்குத் தெரிந்திருக்கும்.

பின்பு முல்லைத்தீவு நகருக்குச் சென்று, வன்பொருட் கடை வைத்திருக்கும் முஹ்ஸினிடம் முறையிட்டேன். பளிங்கின் நுண்துளைகளுள் ஊறிக் கறையைத் தடுக்கவல்ல காப்பு நீர்மம் வேண்டும் என்றேன். "சீலர்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவருக்குப் புரிந்தது எனக்கு மகிழ்ச்சி. ரெசின் பூசிய செய்தியைச் சொன்னதும் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு என்னுடன் பார்க்கவே வந்துவிட்டார். கல்லைக் குனிந்து பார்த்தார்; கண்ணாடிக்குள் இருந்த என் கையெழுத்தை வாய்விட்டுப் படித்தார். "'எவர் தோளையும் நாடாது எழுந்து நிற்பவனே…' ஐயா, இது கல்லறையிலயெல்லோ எழுதுறது. இதில வச்சு எப்பிடி மீன் வெட்டுவியள்?"

நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் வைத்திருக்கும் அந்தத் திரவத்தைப் பெரிய போத்தலிலே தந்தார். மூன்று நாள் வின்சன் அதைத் தொட்டுத் தொட்டுத் தகட்டால் சுரண்டினான். நான் உடன் நின்று ஊக்க உரை வழங்கினேன். "அத்தான், கதைக்காம ஒரு பக்கம் சுரண்டினா இண்டைக்கே முடியும்" என்றான். மூன்றாம் நாள், மூன்றாம் பக்கம் துகள் துகளாக வெளிவந்த பின், சன்னலோரம் உமது வட்டம் தெரிந்தது. அந்தத் தேசிக்காய் வட்டம். இத்தனை பூச்சுக்கும் சுரண்டலுக்கும் பிறகும் வைத்த இடத்திலேயே இருந்தது. "இதையும் பவுடர் போட்டு உரஞ்சி எடுத்துவிடட்டோ? பிள்ளை பாத்தாச் சந்தோசப்படும்" என்று வின்சன் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றான். விருந்தோம்பலின் வரலாற்றுச் சின்னங்களை அழிப்பது பண்பாட்டுக்கு இழுக்கு எனத் தொடங்கி விரிவாக விளக்கினேன்.  "சரி, விடுங்கோ" என்று சொல்லி, தகட்டைத் துடைத்து வைத்துவிட்டு, அன்று தேநீர் அவனே போட்டுத் தந்தான்.

இனிப் பூசும் முறை. முஹ்ஸின் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மகளுக்குப் படித்துக் காட்டும். "சவுக்காரத் தண்ணியால கழுவி ஒரு நாள் காய விடுங்கோ. பிறகு இதைத் துணியில தொட்டுப் பூசுங்கோ. கால் மணித்தியாலம் ஊற விடுங்கோ. ஊறினது போக மேல நிக்கிற மிச்சத்தை ஒட்டத் துடைச்சுப் போடோணும். விட்டா மேலயே காய்ஞ்சு மங்கிப் போகும். பேச்சு மாதிரித்தான் ஐயா. ஊறினது காணும், மிச்சம் வேண்டாம்." நான் அவரைக் கூர்ந்து நோக்கினேன். அவர் வட்டக்கச்சி விழாவுக்கு வந்திருந்தாராம். மேலும் ஒன்று சொன்னார். "இது கறையைத்தான் மறிக்கும். புளிப்பை மறிக்காது. தேசிக்காய், புளி, வினாகிரி ஒண்டையும் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. அது கல்லையே தின்னும். சீலர் பூசினாலும் ஒண்டுதான், பூசாட்டியும் ஒண்டுதான்."

துடைப்பதற்கு நூல் உதிராத பருத்தித் துணி வேண்டும் என்றார். மேடைகளில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் முப்பத்தாறு அலுமாரியில் உள்ளன. ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பருத்தி இல்லை. எல்லாம் வழுக்கும், சரிகை கல்லைக் கீறும். அடியிலே உமது பழைய பருத்திச் சேலை ஒன்று இருந்தது, மீன் வாங்கப் போகும்போது உடுத்துவீரே, அந்த நீலம். பூப்போல் மென்மையாக இருந்தது. அதை மடித்து மறுபடி உள்ளேயே வைத்தேன். என் நல்ல வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். காரணம் கேட்க வேண்டா.

பூசிய பின் ஒரு முழு நாள் அடுக்களையைத் தொடக்கூடாது. மீனம்மா தந்த பாணையும் சம்பலையும் கிணற்றுக் கட்டில் அமர்ந்து உண்டேன். மறுநாள் கைவிரலால் தண்ணீர் தொட்டுக் கல்லின்மேல் உதறினேன். துளிகள் திரண்டு, உருண்டு, ஒன்றுகூட உள்ளே இறங்காமல் நின்றன. வென்றேன் என்று உரக்கச் சொன்னேன். கேட்டது அடுப்பின்மேல் இருந்த கேத்தில் மட்டுமே. இரண்டாயிரம் கைகள் தட்டிய காலமெல்லாம் போக, அன்று ஒரு கை, மாவு அப்பிய ஒரே ஒரு கை, அந்தப் பக்கம் இருந்திருந்தால் போதும் என எண்ணினேன். அது கிடக்கட்டும்.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். சென்ற ஞாயிறு அவள் அழைத்தாள். "அப்பா, உண்மையா நான் நினைக்கேல்லை. கடையில கிடக்கிற கல்லு மாதிரிக் கிடக்கு. இனி உங்களைப் பற்றிப் பயமில்லை. அம்மாக்கு ஆறு மாசம் கூடப் போடுறன், என்ன?" அப்போதுதான், புனிதம், சித்திரையில் அவள் சொன்னதன் பிற்பாதி என் காதில் விழுந்தது. இரண்டு திங்கள் நான் உழைத்ததெல்லாம் எதற்காக என்பது விளங்கிற்று. எழுத்தில் அறிவிப்பேன் என்று மட்டும் சொன்னேன்.  உமது நெற்றியின் பாதி சற்றே திரும்பியது. "இஞ்சேருங்கோ, தேசிக்காய் மரம் காய்ச்சிருக்கோ?" என்றீர். நிறையக் காய்த்திருக்கிறது என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்.

இனி என் முடிவு. பேரன் எழுந்து நிற்கப் பழகும் காலம் இது. பிடித்துக்கொள்ள அவனுக்கு உமது கை வேண்டும். மகள் வேலைக்குத் திரும்புகிறாள். அங்கே உமது தேவை பெரிது. இங்கே என் தேவை என்ன? கல் ஒளிர்கிறது. தண்ணீர் உருண்டு நிற்கிறது. பாண் கிடைக்கிறது. தனித்து நிற்றல் பற்றி ஊர் ஊராகப் பேசியவன், வீட்டில் மட்டும் அதற்கு மாறாக நடக்கலாமா? ஆதலால், அறிவாலும் ஆராய்ச்சியாலும் தெளிந்து, உமது தங்கலை மேலும் ஆறு திங்கள் நீட்டிக்க நான் முழுமனத்துடன் இசைகிறேன். என்னைப் பற்றிச் சிறிதும் கவலை கொள்ளாது கையொப்பம் இடுவீராக.

பேரனுக்கு என் முத்தங்கள். மகளுக்கும் மருமகனுக்கும் என் வாழ்த்துகள். குளிர்காலம் தொடங்கியதும் காது மூடாமல் வெளியே போகாதீர். ஆண்டவர் உம்மை இருக்கையிலும் நடக்கையிலும் காப்பாராக.

என்றும் உமது,
ம. மத்தேயு

பி.கு.: சுதாஜினி வந்து படலையில நிக்கிறா. உறையை ஒட்ட முந்தி ஒருக்கா வாசிச்சுப் பாத்தன். நீண்டுதான் போச்சு. தட்டுறதுக்கு இஞ்சை ஆளில்லை. நீரே வெட்டும். வணக்கத்தில இருந்து கையெழுத்து வரைக்கும் எல்லாத்தையும் வெட்டிப்போடும்.

தேசிக்காய் மரத்தைக் கேட்டனீரெல்லோ. விடியப் போய் ஒண்டு பிடுங்கினன். ரெண்டாப் பிளந்து, ஒரு பாதியை உம்மட வட்டத்துக்குப் பக்கத்தில குப்புற வச்சிட்டு, கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டிருந்தன். முஹ்ஸின் சொன்னது சரி, சீலர் மறிக்கேல்லை. இப்ப குசினிக்குள்ள ரெண்டு வட்டம் பக்கத்தில பக்கத்தில கிடக்கு. பிள்ளையிட்டைச் சொல்லும், அப்பா கல்லைப் பழுதாக்கிப்போட்டார், அவரைத் தனிய விடேலாது எண்டு.

வாருமப்பா.